கிழித்துப் போடக்கூடிய காலண்டர்: போஸ்ட்கிரெஸில் பதிவு அட்டவணைகளைக் காலவாரியாகப் பிரிக்கும் முழு வழிகாட்டி

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் நேற்றைய தேதியை யாரும் ரப்பர் வைத்து அழிப்பதில்லை. தாளைக் கிழிக்கிறோம், வேலை முடிகிறது. ஆனால் தரவுத்தளத்தில் லாக் பதிவுகளை, அதாவது எப்போது என்ன நடந்தது என்ற குறிப்புகளை, சேமிக்கும் பெரும்பாலான இடங்களில் நடப்பது ரப்பர் வேலைதான். நள்ளிரவு ஒரு மணிக்கு ஒரு தானியங்கிப் பணி விழித்தெழுந்து, ஆறு மாதத்துக்கு முந்தைய வரிசைகளை டெலீட் கட்டளையால் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கும். அட்டவணை சிறியதாக இருக்கும்வரை அது பத்து நிமிடத்தில் முடியும். நான் பார்த்த ஓர் இடத்தில் அது காலை ஒன்பது மணிக்கும் முடியாமல், அலுவலகம் திறக்கும் நேரத்துப் போக்குவரத்தோடு மோதிக்கொண்டிருந்தது.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் டெலீட் செய்த வரிசை உடனே மறைவதில்லை. அது செத்த வரிசையாகக் கோப்பிலேயே கிடக்கும். வாக்யூம் என்ற துப்புரவுப் பணி வந்து அந்த இடத்தை மறுபயன்பாட்டுக்குத் திறந்துவிடும். ஆனால் கோப்பின் கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்தால் ஒழிய, வட்டில் இடம் திரும்பாது. ஒவ்வோர் அழிப்பும், மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் முன்னெழுது பதிவில் ஏறி, அதே தரவின் நகலை வைத்திருக்கும் பிரதிச் சர்வர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரு நாளைக்கு 60 லட்சம் வரிசைகள் வந்தால், 60 லட்சம் வரிசைகளை அழிக்கவும் வேண்டும். எழுதிய செலவை இன்னொரு முறை கட்டுகிறோம்.

பிரிக்கப்பட்ட அட்டவணையில், அதாவது உள்ளே மாதவாரியாகவோ வாரவாரியாகவோ தனித்தனிப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) இருக்கும் அட்டவணையில், இதே வேலை ஒரு கோப்பை நீக்குவது மட்டுமே. நொடிக்கும் குறைவான நேரம், வட்டிலும் இடம் அப்போதே திரும்பிவிடும். பார்ட்டிஷன் என்றாலே 'தேடல் வேகமாகும்' என்றுதான் பலர் தொடங்குகிறார்கள். பதிவு அட்டவணையைப் பொறுத்தவரை வேகம் கூடுதல் லாபம்தான். அசல் காரணம் பழையதை வெளியேற்றுவது. வடிவமைப்பையும் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் எழுதினால் பதிவும் 'லாக்', பூட்டும் 'லாக்'. இந்தக் கட்டுரையில் இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வரும் என்பதால் ஒன்றைப் பதிவு என்றும் மற்றதைப் பூட்டு என்றுமே எழுதுகிறேன். பூட்டு என்பது ஒரு கட்டளை முடியும்வரை மற்றவர்கள் குறுக்கே வராதபடி அட்டவணையைப் பிடித்து வைப்பது. கட்டளைகளைத் தமிழ் ஒலியில் தருகிறேன்; திரையில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். சொல்வதெல்லாம் போஸ்ட்கிரெஸ் 14ஆம் பதிப்புக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் பொருந்தும். அட்டவணையை உருவாக்கும் கட்டளையிலேயே பிரிவைச் சொல்லிவிடும் அறிவிப்பு முறையிலான பார்ட்டிஷன் 2017இல் 10ஆம் பதிப்பில் வந்தது. ஆனால் பூட்டுத் தொல்லை இல்லாமல் பழைய பகுதியைக் கழற்றும் வசதி 14இல்தான் கிடைத்தது. 10ஆம் பதிப்பில் இருப்பவர்கள் முதலில் பதிப்பை உயர்த்துங்கள்.

படி 1: எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை நிரலாளர் தனியாகத் தீர்மானிக்கக்கூடாது. இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் பாதுகாக்கச் சொல்கிறது. அட்டைப் பணப் பரிமாற்றத்தைக் கையாள்பவர்களுக்குப் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்புத் தரநிலை இன்னும் கடுமையானது: தணிக்கைப் பதிவுகள் 12 மாதம் இருக்க வேண்டும், அதில் அண்மைய 3 மாதம் உடனே எடுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். இந்தப் பிந்தைய விதியைக் கவனியுங்கள். அண்மையது கைக்கெட்டும் தூரத்தில், பழையது பரணில் என்ற ஏற்பாட்டை அதுவே சொல்லிவிடுகிறது. காலவாரிப் பிரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான தேவை இல்லை.

நாள் கணக்கு கிடைத்ததும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிராப் செய்த, அதாவது மொத்தமாக நீக்கிய, பகுதி திரும்ப வராது.

படி 2: மாதமா, வாரமா, நாளா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிசை சராசரியாக 400 பைட், நாளுக்கு 60 லட்சம் வரிசைகள் என்றால் நாளுக்கு 2.4 ஜிபி. மாதப் பிரிப்பில் ஒரு பகுதி 72 ஜிபி, வாரப் பிரிப்பில் ஏறக்குறைய 17 ஜிபி. 180 நாள் வைத்திருந்தால் மொத்தம் 432 ஜிபி. இதில் இன்டெக்ஸ், அதாவது தேடலை விரைவாக்கும் துணைப் பட்டியல், சேரவில்லை.

நான் பார்ப்பது இரண்டு விஷயங்கள். இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பகுதியும் அதன் இன்டெக்ஸ்களும் நினைவகத்தில் வசதியாக அடங்க வேண்டும். மொத்தப் பகுதிகளின் எண்ணிக்கை சில நூறைத் தாண்டக்கூடாது. மேலே சொன்ன அளவுக்கு 32 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் வாரப் பிரிப்பு சரியாக வரும்: 26 பகுதிகள், முன்கூட்டியே உருவாக்கி வைப்பவை நான்கைந்து. நாளுக்கு ஒரு லட்சம் வரிசைதான் என்றால் மாதமே தாராளம்.

மணிக்கு ஒரு பகுதி என்று ஆசைப்படாதீர்கள். 180 நாளுக்கு அது 4,320 பகுதிகள். கால வரம்பில்லாத ஒரே ஒரு தேடல் வந்தால்கூட, அத்தனை பகுதிகளையும் அவற்றின் இன்டெக்ஸ்களையும் அது பூட்ட வேண்டும். ஒரு பரிவர்த்தனைக்கான (ஒன்றாக முடியும், அல்லது ஒன்றாகத் தோற்கும் கட்டளைத் தொகுதிக்கான) பூட்டு எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் அமைப்பின் இயல்பு மதிப்பு 64. அது எல்லா இணைப்புகளும் பகிரும் பொதுக் கணக்கு என்பதால் 64ஐத் தாண்டியதுமே முறியாது, ஆனால் இப்படி நாலு பேர் சேர்ந்து தேடினால் முறியும்.

படி 3: அட்டவணையின் வடிவம்

தாய் அட்டவணையை உருவாக்கும்போது 'பார்ட்டிஷன் பை ரேஞ்ச்' என்று சொல்லி நேரப் பத்தியை (நேரத்தை வைத்திருக்கும் செங்குத்துப் புலத்தை) கொடுக்க வேண்டும். தாய் அட்டவணையில் ஒரு வரிசைகூடத் தங்காது. எல்லாம் பிள்ளைகளுக்கே, அதாவது பகுதிகளுக்கே, போகும். பெயரைத் தமிழிலும் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 'நிகழ்வு_பதிவு' என்று மேற்கோள் குறிகூட இல்லாமல் எழுதினால் போஸ்ட்கிரெஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பெயரின் நீள வரம்பு 63 பைட்; தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'நிகழ்வு_பதிவு_2026_01' என்பது 45 பைட்டில் அடங்குகிறது. இதைவிட நீட்டி எழுதினால் வால் வெட்டுப்பட்டு, இரண்டு மாதங்களின் பெயர் ஒன்றாகிவிடும். இந்தக் கட்டுரை முழுக்க நேரப் பத்தியின் பெயர் 'நிகழ்_நேரம்'.

ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியில் நிகழ்_நேரமும் இடம்பெற்றே ஆக வேண்டும். வரிசையின் அடையாள எண் மட்டும் சாவியாக இருக்க முடியாது. எண்ணும் நேரமும் சேர்ந்ததே சாவி. ஒவ்வொரு பகுதியும் தன் இன்டெக்ஸைத் தனியாகவே வைத்திருப்பதால், எல்லாப் பகுதிகளையும் தாண்டி எண் தனித்துவமானது என்று தரவுத்தளம் உறுதி சொல்லாது. பதிவு அட்டவணைக்கு இது பெரிய இழப்பில்லை.

எல்லைகள் எழுதும்போது தொடக்கம் சேர்த்தி, முடிவு சேர்த்தியில்லை. ஜனவரிப் பகுதி என்றால் ஜனவரி 1 முதல் பிப்ரவரி 1 வரை. ஜனவரி 31 இரவு 11:59:59 என்று எழுதுபவர்கள் அந்தக் கடைசி ஒரு நொடியைத் தொலைக்கிறார்கள்.

இனி என் சொந்தக் கதை. நிகழ்_நேரம் நேர மண்டலத்தோடு கூடிய வகையாக இருந்தது, அதுதான் சரியும்கூட. ஜனவரிப் பகுதியை என் மடிக்கணினியிலிருந்து ஒரு வரைகலைக் கருவி வழியாக உருவாக்கினேன். பிப்ரவரிப் பகுதியைச் சர்வரின் தானியங்கிப் பணி உருவாக்கியது. இரண்டிலும் எழுதியிருந்தது ஒரே மாதிரியான எல்லைகள், நேர மண்டலம் குறிப்பிடாத வெறும் தேதிகள். பிப்ரவரி 1 நள்ளிரவு 12 மணிக்குப் பதிவுகள் எழுத முடியாமல் பிழைகள் கொட்டத் தொடங்கின. காலை 5:30க்குத் தாமாகவே நின்றுவிட்டன.

ஐந்தரை மணி நேரம் என்றதும் இந்தியர் எவருக்கும் பொறி தட்டும். எனக்குத் தட்ட அரை நாள் ஆனது. ஜேடிபிசி என்ற ஜாவா இணைப்பு வழியாக இணையும் கருவிகள் உங்கள் கணினியின் நேர மண்டலத்தைச் சர்வருக்குச் சொல்லிவிடும். ஆகவே என் ஜனவரி, இந்திய நேரப்படி பிப்ரவரி 1 நள்ளிரவில் முடிந்தது. சர்வரின் பிப்ரவரியோ யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில், அதாவது நம் காலை 5:30க்குத் தொடங்கியது. நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் விழுந்த வரிசைகளுக்கு வீடே இல்லை.

இது தலைகீழாக நடந்திருந்தால் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உருவாக்கும்போதே போஸ்ட்கிரெஸ் மறுத்திருக்கும். பள்ளம் விழும்போது மட்டும் அது வாயைத் திறப்பதில்லை. எனவே எல்லைகளில் மண்டலத்தையும் சேர்த்தே எழுதுங்கள்: '2026-02-01 00:00:00+00' என்றோ, '+05:30' என்றோ. இந்திய நேரத்தில் கோடைக்கால மாற்றம் இல்லாததால் இரண்டாவதும் பாதுகாப்பானதே. நான் யூடிசிக்கு மாறிவிட்டேன். இரண்டையும் கலக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

படி 4: ஏற்கெனவே இருக்கும் பெரிய அட்டவணையை மாற்றுவது

புதிதாகத் தொடங்குபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். மற்றவர்கள் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் வழக்கமாகச் சொல்லப்படும் 'புதிய அட்டவணைக்கு எல்லாவற்றையும் நகலெடு' என்ற ஆலோசனை 400 ஜிபிக்கு ஒத்துவராது. எதையுமே நகர்த்தத் தேவையில்லை. பழைய அட்டவணை முழுவதையும் 'கடந்த காலம்' என்ற ஒற்றைப் பகுதியாகப் புதிய தாயின்கீழ் சேர்த்துவிடலாம்.

முதலில் ஒரு வெட்டுநாளைத் தேர்ந்தெடுங்கள். அது எதிர்காலத்தில், குறைந்தது இரண்டு வாரமாவது தள்ளி இருக்கட்டும்; 2026 ஜனவரி 1 என்று வைத்துக்கொள்வோம். பழைய அட்டவணையில் 'நிகழ்_நேரம் வெற்றாக இருக்கக்கூடாது, வெட்டுநாளுக்குக் குறைவாக இருக்க வேண்டும்' என்று ஒரு செக் கட்டுப்பாட்டை, 'நாட் வேலிட்' என்ற குறிப்போடு சேர்க்க வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால் பழைய வரிசைகளைப் படிக்காமல் நொடியில் முடியும். பிறகு 'வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட்' கட்டளை. இது அட்டவணை முழுவதையும் படிக்கும், மணிக்கணக்கில்கூட ஓடலாம். ஆனால் எழுதுவதையும் படிப்பதையும் தடுக்காது. அது முடிந்ததும் அந்தப் பத்தியை 'நாட் நல்' ஆக்குங்கள். சரிபார்த்த கட்டுப்பாடு இருப்பதால் மறுபடி படிக்காமல் முடியும்.

எண், நேரம் இரண்டும் சேர்ந்த தனித்துவ இன்டெக்ஸை, எழுதுவதை நிறுத்தாத 'கன்கரன்ட்லி' முறையில் பழைய அட்டவணையில் கட்டி வையுங்கள். தாயில் வரப்போகும் மற்ற இன்டெக்ஸ்களும் இங்கே முன்னதாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்க்கும் கணத்தில் போஸ்ட்கிரெஸ் அவற்றைப் பூட்டோடு கட்ட உட்கார்ந்துவிடும்.

இப்போது மாற்றும் நாள். ஒரே பரிவர்த்தனைக்குள் இவை எல்லாம் நடக்க வேண்டும்:

1. பூட்டுக் காத்திருப்பு வரம்பை 2 நொடி என்று வையுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் தோற்றுப் பின்வாங்கி, சற்று நேரம் கழித்து மறுபடி முயலலாம். வரம்பு வைக்காமல் வரிசையில் நின்றால், உங்களுக்குப் பின்னால் வரும் எல்லாத் தேடல்களும் சேர்ந்து நிற்கும்.
2. பழைய அட்டவணையின் பெயரை மாற்றுங்கள். அதன் முதன்மைச் சாவியை நீக்கி, கட்டி வைத்த புதிய இன்டெக்ஸைச் சாவியாக்குங்கள். இதை மறந்தால், ஓர் அட்டவணைக்கு இரண்டு முதன்மைச் சாவி கூடாது என்ற பிழை வரும்.
3. பழைய பெயரில் புதிய தாய் அட்டவணையை உருவாக்குங்கள். பழையதன் அமைப்பை 'லைக்' கொண்டு நகலெடுக்கும்போது இயல்பு மதிப்புகளை மட்டும் எடுங்கள். 'இன்க்ளூடிங் ஆல்' என்று கொடுக்காதீர்கள்.
4. பழையதை 'மின்வேல்யூ' (கீழ் எல்லை இல்லை என்று பொருள்) முதல் வெட்டுநாள் வரை என்று தாயோடு அட்டாச் செய்யுங்கள், அதாவது பகுதியாக இணையுங்கள். கட்டுப்பாடு ஏற்கெனவே இருப்பதால் வரிசைகளைப் படிக்காது.
5. வெட்டுநாளுக்குப் பிந்தைய பகுதிகளை உருவாக்குங்கள்.
6. அனுமதிகளை மறுபடி கொடுங்கள்.

வெட்டுநாள் வரை பதிவுகள் பழைய அட்டவணைக்கே போகும். அந்த நள்ளிரவு தாண்டியதும் தாமாகப் புதிய பகுதிக்குத் திரும்பும். செயலியில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

மூன்று இடங்களில் கால் இடறும். முதலாவது, வெட்டுநாளுக்குள் இந்த மாற்றத்தை முடிக்காவிட்டால் நீங்கள் போட்ட கட்டுப்பாடே புதிய பதிவுகளைத் தடுக்கும். திட்டம் தள்ளிப்போனால் கட்டுப்பாட்டை உடனே எடுத்துவிடுங்கள். இரண்டாவது, பழைய அட்டவணைமேல் கட்டப்பட்ட வியூக்கள் (பெயரிட்டுச் சேமித்த தேடல்கள்), பெயர் மாறினாலும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை மறுபடி உருவாக்க வேண்டும். மூன்றாவதுதான் விஷமத்தனமானது. எண்ணை வழங்கும் சீக்வென்ஸ் பழைய அட்டவணைக்குச் சொந்தமாக இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பழையதை டிராப் செய்யப் போனால் போஸ்ட்கிரெஸ் தடுக்கும். எரிச்சலில் யாராவது, சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்கும் 'கேஸ்கேட்' குறிப்பைச் சேர்த்தால் சீக்வென்ஸும் போய், தாயின் இயல்பு மதிப்பும் போய்விடும். மாற்றும் பரிவர்த்தனையிலேயே சீக்வென்ஸின் உரிமையைத் தாய் அட்டவணையின் பத்திக்கு மாற்றிவிடுங்கள்.

ஒத்திகைச் சர்வரில் ஒருமுறை செய்து பார்க்காமல் இதைத் தொடாதீர்கள். அங்கே செய்தி மட்டத்தை 'டீபக்1' என்று வைத்து அட்டாச் செய்தால், இருக்கும் கட்டுப்பாடே போதும் என்று போஸ்ட்கிரெஸ் முடிவு செய்ததா என்பது திரையில் தெரியும்.

படி 5: வரும் பகுதிகளை முன்கூட்டியே உருவாக்குவது

தாயின் பகுதியாகவே நேரடியாக உருவாக்கும் கட்டளை சுருக்கமானது. ஆனால் தாயை முழுப் பூட்டில் நிறுத்தும். தனி அட்டவணையாக உருவாக்கி, எல்லைக்குப் பொருந்தும் செக் கட்டுப்பாட்டைப் போட்டு, பிறகு அட்டாச் செய்வது ஒரு வரி அதிகம், பூட்டோ மென்மையானது. இரவு பகலாக எழுதப்படும் அட்டவணைக்கு இரண்டாவதே வழி.

இந்த வேலையைக் கையால் செய்யாதீர்கள். பிஜி_பார்ட்மேன் என்ற நீட்டிப்பு இதற்காகவே இருக்கிறது. எப்போதும் நான்கு பகுதிகளை முன்கூட்டி வைத்திருப்பது அதன் இயல்பு அமைப்பு. காலாவதியானவற்றைக் கழற்றவும் செய்யும். குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் பிஜி_கிரானோடு இணைத்து நாளுக்கு ஒருமுறை ஓடவிட்டால் போதும்.

எல்லைக்குள் வராத வரிசைகளுக்கு 'டீஃபால்ட்' பகுதி ஒன்று வைக்கலாமா என்பது பழைய சண்டை. வைத்தால் பிழை வராது, பதிவு தொலையாது. ஆனால் அதில் வரிசைகள் சேர்ந்தபின் புதிய பகுதியை அட்டாச் செய்யும்போதெல்லாம், அங்கே பொருந்தும் வரிசை ஏதும் இருக்கிறதா என்று அதை முழுக்கப் பூட்டிப் படிக்கும். பொருந்தும் வரிசை இருந்தால் அட்டாச் தோற்கும். போதாததற்கு, டீஃபால்ட் இருக்கும் அட்டவணையில் பூட்டற்ற கழற்றலும் கிடையாது. எனவே பதிவு அட்டவணைக்கு நான் அதை வைப்பதில்லை. பார்ட்மேன் கேட்காமலே ஒன்றை உருவாக்கும். தொடக்கத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பணப் பதிவு போல ஒரு வரிசைகூடத் தொலையக்கூடாத இடத்தில் என் தீர்ப்பு மாறும்.

படி 6: கிழிப்பது

காலாவதியான பகுதியை 'டிட்டாச் பார்ட்டிஷன் கன்கரன்ட்லி' கொண்டு கழற்றுங்கள். இதைப் பரிவர்த்தனைக்குள் வைக்க முடியாது. நடுவில் தடைபட்டால் பகுதி அரைகுறையாகத் தொங்கும். 'ஃபைனலைஸ்' என்று ஒருமுறை ஓட்டி முடிக்க வேண்டும். கழன்றதும் அது சாதாரணத் தனி அட்டவணை. பிஜி_டம்ப் என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு சுருக்கி மலிவான சேமிப்பகத்தில் வையுங்கள். அந்தக் கோப்பிலிருந்து ஒத்திகைச் சர்வரில் மீட்டுப் பார்த்து, வரிசை எண்ணிக்கை ஒத்துப்போனால் டிராப்.

கழற்றாமல் நேராக டிராப் செய்தாலும் நீங்கும். ஆனால் அதற்குத் தாய்மேல் முழுப் பூட்டு வேண்டும். அந்த நேரத்தில் யாராவது ஒரு நீண்ட அறிக்கையை ஓட்டிக்கொண்டிருந்தால், டிராப் அதற்காகக் காத்திருக்கும், மற்றெல்லாம் டிராப்புக்காகக் காத்திருக்கும்.

படி 7: தேடல்களைத் திருத்துவது

தேவையற்ற பகுதிகளைத் தேடலிலிருந்து ஒதுக்க, நிகழ்_நேரம் நிபந்தனையில் வெறுமையாக நிற்க வேண்டும். அதைத் தேதியாக மாற்றி ஒப்பிட்டாலோ, மாதமாக வெட்டும் சார்புக்குள் போட்டாலோ ஒதுக்கல் நடக்காது. எல்லாப் பகுதிகளும் படிக்கப்படும். 'இதற்குச் சமம் அல்லது அதிகம், அதற்குக் குறைவு' என்று இரு முனையிலும் நேரடியாக எழுதுங்கள். 'பிட்வீன்' வேண்டாம், அது முடிவு எல்லையையும் சேர்ப்பதால் அடுத்த மாதப் பகுதியையும் தேவையில்லாமல் தொடும்.

தேடல் எப்படி ஓடும் என்ற திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெய்னில் பாருங்கள். இப்போதைய நேரத்தைத் தரும் 'நவ்' சார்பைப் பயன்படுத்தினால் ஒதுக்கல் திட்டமிடும்போது அல்ல, ஓடத் தொடங்கும்போது நடக்கும். அப்போது 'சப்பிளான்ஸ் ரிமூவ்ட்' என்ற வரியில் எத்தனை நீங்கின என்று தெரியும்.

எண்ணை மட்டும் கொடுத்துத் தேடும் பழக்கம் இருந்தால் அது 26 இன்டெக்ஸையும் தட்டிப் பார்க்கும். நேரத்தையும் சேர்த்து அனுப்பச் செயலியைத் திருத்துங்கள். அல்லது எண்ணுக்குப் பதில் 7ஆம் வகை யூயூஐடி என்ற தனித்துவ அடையாளக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். அதன் முதல் 48 பிட்டில் மில்லிநொடி நேரமே இருக்கிறது. அதிலிருந்து கால வரம்பைக் கணக்கிடலாம்.

சில்லறை விஷயங்கள்

தாயில் இன்டெக்ஸை 'கன்கரன்ட்லி' கட்ட முடியாது. தாயில் 'ஒன்லி' என்று வெற்று இன்டெக்ஸ் ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு பிள்ளையிலும் கன்கரன்ட்லியாகக் கட்டி, ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். கடைசிப் பிள்ளை இணைந்ததும் தாயின் இன்டெக்ஸ் செல்லுபடியாகும். நேர வரிசையிலேயே எழுதப்படும் பதிவுகளுக்கு நிகழ்_நேரத்தில் பிரின் வகை இன்டெக்ஸ் மிகச் சிறியதாக இருந்தும் நன்றாக வேலை செய்யும்.

தானியங்கி வாக்யூம் பிள்ளைகளைக் கவனிக்கும், தாயை எட்டிப்பார்க்காது. தாயின் புள்ளிவிவரத்துக்கு அனலைஸ் கட்டளையை வாரம் ஒருமுறை நீங்களே ஓட்டுங்கள்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு: அங்கேயும் தனித்துவச் சாவி ஒவ்வொன்றிலும் பிரிக்கும் பத்தி இருக்க வேண்டும். அதன் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில் பிரிக்கப்பட்ட அட்டவணைக்கு அயல் சாவி (வேறோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டும் சாவி) கிடையாது. பத்தி 'டைம்ஸ்டாம்ப்' வகையாக இருந்தால் 'யுனிக்ஸ்_டைம்ஸ்டாம்ப்' சார்பு வழியாகவே எல்லை எழுத முடியும். பழையதை நீக்க 'டிராப் பார்ட்டிஷன்' என்ற ஒரே கட்டளை. இந்த இடத்தில் மட்டும் அவர்களைப் பார்த்து எனக்குச் சற்றுப் பொறாமை.

அட்டவணை மொத்தமே 10 ஜிபிதான், நாளுக்குச் சில ஆயிரம் வரிசைகள்தான் என்றால் இது எதுவும் வேண்டாம். இரவு டெலீட்டே போதும்.

கடைசியாக, ஒரு கண்காணிப்பு. தானியங்கிப் பணி ஓடியதா என்று பார்ப்பது போதாது. அது ஓடும், ஒன்றும் செய்யாமலும் ஓடும். ஒவ்வொரு காலையும் அமைப்பு அட்டவணைகளிலிருந்து எல்லாப் பகுதிகளின் எல்லைகளையும் எடுத்து வரிசைப்படுத்தி, இரண்டு கேள்விகள் கேட்கும் சிறு நிரல் எழுதுங்கள். கடைசிப் பகுதி முடிய இன்னும் 14 நாளாவது இருக்கிறதா? ஒவ்வொன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் நொடி பிசகாமல் ஒன்றா? இரண்டாவது கேள்வியை நான் பிப்ரவரி 1 மதியம் எழுதினேன்.